மடியில் ஒரு தலை

"ஒரு கை பாவிச்சது" என்றார் நகுலேஸ்.
கனகராயன்குளத்துச் சந்தியிலிருந்து உள்ளே மூன்று கட்டை.
பாலைமரத்துக்குக் கீழே
கழுவித் துடைத்துச் சிவப்பாய் நின்றது.
விலை கேட்க முதல் பொனற்றில் கை வைத்தேன்.
சுட்டது.
காலமை ஆறரைக்கு
ஆரை ஏற்றிக்கொண்டு எங்கே போய் வந்தது?
வெயில்கூட அந்தப் பக்கம் இன்னும் வரவில்லை.

"ஒரே தட்டு" என்று தட்டினார். ஒரே தட்டுத்தான்.
வெள்ளைப் புகை வேலி தாண்டி
அடுத்த வளவு மாட்டை எழுப்பியது.
ஓயில் கம்பியை இழுத்துச்
சட்டை விளிம்பில் துடைத்தேன்.
பால்தேத்தண்ணி.
சீனி போட்டால் குடிக்கலாம்.

பொம்பிளைக்கு மெசினில் என்ன தெரியும் என்ற சிரிப்பு
அந்தக் கம்பியோடு முடிந்தது.
எட்டரை லட்சத்தில் நின்றவர்
ஆறு இருபதுக்கு இறங்கினார்.

தெரிந்துதான் வாங்கினேன்.
போன காலபோகத்துக்கு
உழவுக்காரன் பதினொரு நாள் பிந்தி வந்தான்.
பதினொரு நாள் பிந்தின நெல்லுக்குக்
கதிர் முற்றும் நேரம் வாய்க்காலில் தண்ணி இல்லை.
அந்தப் பதினொரு நாளைத்தான்
பட்டாவில் ஏற்றி ஒட்டுசுட்டானுக்குக் கொண்டுவந்தேன்.

மரியநேசன் எயர் கிளீனரைக் கழற்ற எலிக்கூடு.
சிங்களப் பேப்பர்க் கிழிசல்,
லொத்தர் சீட்டில் பாதி,
யூரியாப் பையின் நீல நூல்,
எல்லாத்துக்கும் அடியில்
எங்கள் இரண்டு பேருக்கும் வாசிக்கத் தெரியாத
சதுரச் சதுர எழுத்து.
"ஒரு கை இல்லை அக்கா.
நாலு கையும் ஒரு எலியும்."

தலையைத் தூக்கினால்
மூன்றாம் சிலிண்டரடியில் காஸ்கெற் கரைந்திருந்தது.
பக்கத்தில் மயிரளவு வெடிப்பு.
வவுனியாவில்தான் ஒட்டி மட்டம் பிடிப்பார்கள்.

கோதுமைமாப் பையில் சுற்றி
மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் இருந்தேன்.
பதினெட்டுக் கிலோ. தொடை மரத்துப்போனது.
கொண்டக்ரர் பையைத் தட்டினான்.
"என்னக்கா, மீனோ?"
"தலை" என்றேன்.

முன் சீற்றில் கச்சான் கொறித்த வாய் நின்றது.
பக்கத்துப் பெண் மகளின் முகத்தைப்
பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.
ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.
கேட்காமலே இருக்க
எங்களுக்குப் பழக்கம்.

சொன்னது என்னவென்று
எனக்கே அப்போதுதான் விளங்கியது.
"எஞ்சின்ர தலை, தம்பி."
சிரித்தார்கள். நானும்.
தேவைக்குக் கொஞ்சம் கூடவே சிரித்தோம்.
புளியங்குளம் வந்த பிறகும்
அந்தப் பிள்ளை மட்டும் பையையே பார்த்துக்கொண்டிருந்தது.

பஞ்சிகாவத்தையிலிருந்து வந்த முதல் காஸ்கெற்
வேறேதோ மெசினுக்கு.
இரண்டாவது வரப் பத்து நாள்.
ஐயோ, திரும்பவும் அந்தக் கணக்கு.
மரியநேசனிடம் ரோக் ஸ்பனர் இல்லை.
நடுவில் தொடங்கிச் சிலுவைக்குச் சிலுவை
மூன்று தரம் இறுக்கினான்.
"எவ்வளவு எண்டு எப்படித் தெரியும்?"
"முழங்கை சொல்லும்."
கடைசிப் போல்ற்று முடிய
தனக்கும் ஒரு சிலுவை போட்டுக்கொண்டான்.
அது எனக்கு அவ்வளவு நம்பிக்கை தரவில்லை.

ஐப்பசி. இரவெல்லாம் மழை.
விடியப் பொனற்றில் கை வைத்தேன்.
கிணற்றுக் கட்டுப்போலக் குளிர்.
ஒரே தட்டு இல்லை, ஏழு.
எட்டாவதில் இருமியது,
கறுப்பாய்த் துப்பியது,
பிறகு ஓடியது.

பின் சீலில் இன்னும் ஒழுக்கு.
"விதைப்பு முடியட்டும் அக்கா, பிறகு திறப்பம்."
மீன்ரின் ஒன்றைக் கீழே வைத்திருக்கிறேன்.
ஒவ்வொரு காலமையும்
பல்லுத் தீட்ட முதல் அதைத்தான் பார்ப்பேன்.
மூன்று சொட்டு. சில நாள் ஐந்து.
விரலில் தொட்டு வெளிச்சத்துக்குப் பிடிப்பேன்.
கறுப்பு.
பாலில்லாத வெறுந்தேத்தண்ணி.