காட்டுக்காய்

கிழங்குச் செடி பூக்கும் என்று எல்லாருக்கும் தெரியும்.
பூவுக்குப் பின்னால் வருவதைப் பற்றி
வட்டவடையில் பேச்சே கிடையாது.
மண்ணுக்குக் கீழே இருப்பதற்குத்தான் விலை.

தக்காளிப் பிஞ்சின் அதே அச்சு.
அதே பச்சை, அதே வளைந்த காம்பு,
தலையில் அதே ஐந்து முனைத் தொப்பி.
மாடு முகர்ந்து பார்த்து விலகும்.
களைவெட்டும் பெண்கள் காலால் தள்ளிவிடுவார்கள்.

பவுன்ராசு மகள் தனுஸ்ரீக்கு ஆறு வயசு.
குரங்கணியிலிருந்து மேலேறி வந்து
ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது.
அவள் ஊரில் இந்த அச்சில் காய்த்ததெல்லாம்
தின்னத் தகுந்தவை.
ஏழு தின்றாள்.
எட்டாவதைப் பாவாடையில் முடிந்து வைத்திருந்தாள்.
அதை அவிழ்த்து என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான்
ஜீப்பை எடுத்தேன்.

பாம்பாடும்சோலை கேட்டில் சங்கிலி.
கார்டு டார்ச் அடித்தது
பிள்ளை முகத்தில் இல்லை, சீட்டுக்கு அடியில்.
நான் வாய் திறக்கும் முன்
அவள் எடுத்த வாந்தி எங்களுக்காகப் பேசியது.
சங்கிலி இறங்கியது.
குண்டளை வளைவில் யானை நின்றிருந்தால்
இந்தக் கவிதை அங்கேயே முடிந்திருக்கும்.
நிற்கவில்லை.

மூணாறு ஆஸ்பத்திரி.
டாக்டர் சின்னப்பெண், கோட்டயம் பக்கம்.
“எந்தா கழிச்சது?”
பவுன்ராசு நாலு விரலை நீட்டினான்:
“நாலு தடவைங்க. தண்ணியா.”

அவர்கள் மொழியில் வாய்க்குள் போவது
எங்கள் மொழியில் மறுபக்கம் வருவது.
இரண்டுக்கும் ஒரே சொல்.
எல்லைக்காரன் நான்,
வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.
“தின்னதைக் கேக்குறாங்கய்யா” என்றேன்.
அவன் என்னைப் பார்த்தான்.
அப்போது போன் அடித்தது.

குமாரவடிவு. தோட்டம் அவருடையது,
ஜீப்பின் மாதத் தவணையில் பாதியும்.
“பிள்ள எப்படியிருக்கு?” என்றுதான் முதலில் கேட்டார்,
அதைச் சொல்லிவிட வேண்டும்.
பிறகு:
“சீட்டுல கிழங்குன்னு எழுத விட்டுறாதே.
எழுபது மூட்டை நிக்குது.”

பேனா காத்திருந்தது.
பவுன்ராசு தரையைப் பார்த்தான்.
அவனுக்கும் சம்பளம் அதே கையிலிருந்துதான்.
சட்டைப்பை கனத்தது. ஒரு கோலிக்குண்டுக்கு
இவ்வளவு கனம் ஆகாது.

“காட்டுக்காய்” என்றேன்.
மலையாளத்துக்கும் பொருந்திப்போயிற்று.
அவள் எழுதிக்கொண்டாள்.

குழாய் இறக்கினார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள்.
எந்தக் காயாக இருந்தாலும்
இதைத்தான் செய்திருப்பார்கள் என்று
விடியும்வரை எனக்கு நானே
சொல்லிக்கொண்டிருந்தேன்.
யாரிடமும் கேட்டுப் பார்க்கவில்லை.

ஆறரைக்குக் கண் திறந்தாள்.
முதலில் ஒரு ருசியுமில்லை, அப்புறம் கசப்பு,
அப்புறம் நாக்கு முழுக்க எறும்பு என்றாள்.
நர்ஸ் தலையைத் தடவினாள்.
“கிழங்குச் செடியில இருந்துச்சு” என்றாள் பிள்ளை,
சத்தமாக, யாரும் கேட்காமலே.
“கிழங்கு மண்ணிலல்லே மோளே”
என்று சிரித்துவிட்டு
அடுத்த கட்டிலுக்குப் போனாள் நர்ஸ்.
நான் ஜன்னலைப் பார்த்தேன்.
ஜன்னலில் ஒன்றுமில்லை, தேயிலை.

எட்டாவது காய்
இப்போது என் டேஷ்போர்டில் இருக்கிறது.
பச்சை வெளுத்து, கொஞ்சம் இளகி.
உள்ளே விதை நூறு இருக்கும், கூடவும் இருக்கலாம்.
நாங்கள் ஊன்றும் துண்டு பழைய கிழங்கையே மறுபடி தரும்.
இந்த விதை ஒவ்வொன்றிலும்
இதுவரை யாரும் தோண்டாத ஒரு கிழங்கு.
ஊன்றிப் பார்க்க எனக்கு நிலம் இல்லை.
எறியவும் இல்லை.

வெளுக்க வெளுக்க மணக்கிறது.
முலாம்பழம் மாதிரி, பிள்ளைகளைக் கூப்பிடுகிற மாதிரி.

எழுபது மூட்டையோடு உடுமலைக்கு இறங்கும்போது
சின்னாறு செக்போஸ்ட்டில்
காவலர் தலையை உள்ளே நீட்டி மூக்கை உறிஞ்சினார்.
“என்னய்யா, பழம் ஏதும் ஏத்தியிருக்கியா?”
“இல்ல சார்” என்றேன்.
“கிழங்கு மட்டுந்தான்.”