நின்றால் போதும்

ஓட வேண்டாம், நின்றால் போதும் என்றார்கள்.
தென்மலையில் படப்பிடிப்பு, நாளுக்கு மூவாயிரம்.
என் ஹெரால்டின் கதவில் சாய்ந்து
கதாநாயகி அழுவாள்.
நிற்பதற்கும் போய்ச் சேரத்தானே வேண்டும்.

புளியரை தாண்டி எஸ் வளைவில் முதல்முறை செத்தது.
முழுசாய் மிதித்தால் ஏறுகிறது.
மிதிக்காமல் விட்டால் தாளம் பிசகாமல் உறுமுகிறது.
வளைவுக்காகக் காலைப் பாதி எடுக்கும்போதுதான்
யாரோ வாயைப் பொத்தினாற்போல்.
அப்புறம் டயரடியில் சரளைச் சத்தம் மட்டும்.

சாவியைத் திருப்பினால்
ஒன்றுமே நடக்காததுபோல் பற்றிக்கொள்ளும்.
ராத்திரியெல்லாம் இருமிவிட்டு
டாக்டர் முன்னால் இருமாத பிள்ளை.

மூன்றாம்முறை, கோட்டைவாசலில்,
சாவிக்கு ஒரு முனகல்தான் பதில்.
சங்கரன்கோவிலிலிருந்தே அந்தச் சிவப்பு விளக்கு
எரிந்துகொண்டுதான் வந்தது.
பகல்தானே என்று
பஸ் டிக்கெட்டை எச்சில் தொட்டு
அதன்மேல் ஒட்டியிருந்தேன்.
டைனமோ ஒரு சொட்டும் தரவில்லை.
வழி முழுக்கப் பாட்டரி
கைம்முதலை உடைத்துத் தின்றிருக்கிறது.

பின்னால் எம்-சாண்ட் லாரிகள்.
ஆரன் அடித்து ஓய்ந்து ஒருவன் இறங்கி வந்தான், மாடக்கண்ணு.
"சாரல்ல நனைஞ்சிருக்கும்க்கா, மூடியத் துடைங்க."
மூக்கோடு சேர்ந்து கவிழும் பானெட்டைத் திறந்து
துடைத்தேன், ஏற்கெனவே காய்ந்திருந்ததை.
காயில் சுடவில்லை.
கண்டென்சர் போன மாசம் மாற்றியது.
பாயின்ட் முகம் சாம்பல் நிறத்தில் சுத்தம்.
சந்தேகப்பட ஆளில்லாத வீட்டில்
திருட்டுப் போனதுபோல் நின்றேன்.

"ஒரு பல்பு இருந்தா குடுப்பா."
கேபினில் ஏறி
சாமி படத்தடியில் எரிந்ததையே கழற்றி வந்தான்.
"இருபத்திநாலு வோல்ட்டுக்கா, ஒங்களுக்குப் பாதிதான் எரியும்."
பாதி போதும்.

பாட்டரியிலிருந்து பல்புக்கு,
பல்பிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு.
பாயின்ட் சேர்ந்திருந்தது. எரிந்தது,
வேப்பம்பழ வெளிச்சம்.

கார்ப்பரேட்டரிலிருந்து வாக்குவம் குழாயை உருவி
வாயில் வைத்து உறிஞ்சினேன்.
பெட்ரோல் வாடை, ரப்பர் கசப்பு.
உள்தட்டு ஒரு நகக்கண் அளவு திரும்பியது.
அணைந்தது.
விட்டேன், எரிந்தது.
உறிஞ்சினேன், அணைந்தது.
"இளநி குடிக்கிற மாதிரில்லா இருக்கு" என்றான் மாடக்கண்ணு.

சுண்டுவிரல் நீளம், துணி சுற்றிய கம்பி.
வெளியே முழுசு.
உள்ளே அறுந்த இழைகள்,
அசையாதவரை தொட்டுக்கொண்டிருக்கும்,
தட்டு திரும்பினால் விலகும்.
தொட்ட தொடுப்பிலேயே எத்தனை காலம் ஓடியதோ.

லாரியின் பழைய ஆரன் ஒயரில் ஒரு துண்டு,
பல்லால் தோலுரித்து முறுக்கிப்
பழைய திருகிலேயே பூட்டினேன்.
அதற்குள் சோதனைச்சாவடியிலிருந்து பிரசோபன் சார்,
குடையும் நோட்டுமாய்:
"எந்தா சேச்சி, பாட்டரி போயோ?"
முன் சக்கரம் அவர் கணக்கு,
பின் சக்கரம் அவர் கணக்கில்லை.
நோட்டை மடித்து இடுப்பில் செருகினார்,
குடையை என்னிடம் தந்தார், தள்ளினார்.
மாடக்கண்ணு தள்ளினான். கிளீனர் பையனும்.
இரண்டாம் கியர்; கிளட்சை விட்டேன்.
எந்த மாநிலத்தில் பற்றியது என்று பார்க்கவில்லை.

டிக்கெட்டை உரித்தேன். சிவப்பு அப்படியே.
பெல்ட்டு இறுக்கம்தான். பிரஷ் தேய்ந்திருக்கலாம்,
கண்ட்ரோல் பெட்டியாயிருக்கலாம்.
இந்த இருட்டில் எதைக் கழற்ற?
பாட்டரியில் மிச்சம் இருப்பது
பொறிக்குக் காணும், வெளிச்சத்துக்குக் காணாது.

மாடக்கண்ணு முந்திக்கொண்டு போனான்,
என் வழிக்கும் சேர்த்து எரித்தபடி.
மணல் ஒழுகும் அந்த முதுகைப் பிடித்துக்கொண்டு
ஆரியங்காவு இறக்கம்.
வளைவு வந்தது. காலைப் பாதி எடுத்தேன்.
மூச்சையும்.
இழுத்தது.

குடை பக்கத்து இருக்கையில் சொட்டிக்கொண்டிருந்தது,
திருப்பித் தர மறந்த குடை.
போன் அடித்தது. புரொடக்ஷன் மேனேஜர்.
"மேடம், சீன் மாத்திட்டாங்க. ராத்திரி ஷாட்.
வண்டி ஓட வேண்டாம்,
விடிய விடிய ஹெட்லைட் எரிஞ்சா போதும்."