நாற்பத்திரண்டு பெட்டி

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு மேசை வாடகைக்கு.
தேன்காரர் சங்கத்துக்குச் செயலி செய்கிறேன்.

வாசல் எங்களுடையதல்ல, வேறொரு கம்பெனியுடையது.
போன் நம்பர் கேட்கும், ஆறு இலக்கம் அனுப்பும்,
வந்தவர் அவரேதான் என்று உறுதியானதும்
இருபத்தெட்டு எழுத்தில் ஒரு பெயர் தரும்,
வாயில் நுழையாத பெயர்.

உள்ளறை தனி.
அங்கே ஆளுக்கொரு ஆவணம்:
ஊர், பெட்டி எத்தனை, யார் தோட்டத்தில்,
போன வாரம் எத்தனை கிலோ.

வாசலுக்கும் அறைக்கும் ஒன்றையொன்று தெரியாது.
வாயில் நுழையாத அந்தப் பெயரையே
ஆவணத்தின் தலைப்பில் எழுதி
நான்தான் அறிமுகம் செய்துவைத்தேன்.
மாசி மாதம். ரப்பர் தளிர்த்து
இலைக்காம்பில் தேன் கசிகிற நேரம்.

மூன்றாம் நாள் குலசேகரத்திலிருந்து
ஞானமுத்தையன் கூப்பிட்டார்:
“எனக்க பெட்டி நாப்பத்திரெண்டும் எங்க, பிள்ளே?”

பெட்டிகள் தோட்டத்தில்தான் இருந்தன.
என் அறையில் பூச்சியம்.

இரவெல்லாம் நிரலை வரிவரியாக வாசித்தேன்.
யார் நுழைந்தாலும் புதியவரென்றே வரவேற்றிருக்கிறேன்.
ஒவ்வொரு முறையும் புதுத் தாள்,
பெட்டி: 0 என்று எழுதி
பழைய தாள் இருந்த அதே இடத்தில் வைத்திருக்கிறேன்.
அவரைத் தவறாக அடையாளம் காணவில்லை.
சரியாகக் கண்டேன்,
அதனால்தான் சரியாக அவருடையதையே அழித்தேன்.

எழுதும் முன், ஏற்கெனவே இருக்கிறதா என்று கேள்.
ஒரே வரி. விடிவதற்குள் சேர்த்துவிட்டேன்.
அழிந்தது அழிந்ததுதான், நகல் எடுத்துவைக்கவில்லை.

ஆற்றூர், திருவட்டாறு தாண்டிப் பஸ்ஸில் போனேன்.
ரப்பர் வரிசைக்குள் அவர் முன்னே, நான் பின்னே.
எண்ணி முடித்தபோது நாற்பத்திமூன்று.
“ஒரு கூட்டம் பிரிஞ்சுது. வேற பெட்டியில கேற்றினேன்,
வியாழக்கிழம.”
தொலைந்த கணக்கு திரும்பக் கிடைத்திருந்தாலும்
தப்பாகத்தான் இருந்திருக்கும்.

சிக்னலுக்காகப் பாறைமேல் ஏறி நின்று
நாற்பத்திமூன்று என்று பதிந்தார்.
வெளியேறினார். நுழைந்தார். இருந்தது.
மறுபடி வெளியேறினார், நுழைந்தார், கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார்.
இருந்தது.
ஆறாவது முறை இலக்கம் வரவில்லை.
‘முயற்சிகள் அதிகம், பிறகு வரவும்’ என்றது வாசல்.

என்னைப் பார்த்தார்.
“இப்பமும் உள்ள இருக்குமா?”
இருக்கும் என்றேன்.
போனை மடியில் செருகிக்கொண்டு
பெட்டிகளை இன்னொரு தடவை எண்ணப் போனார்.