கடன் போன கதவு

எங்கள் குசினிக் கதவை
நாடகத்துக்குக் கேட்டார்கள்.
புதிதாய் அடிக்கப் பலகைக்கே காசில்லை,
மூன்று கிழமைக்குத் தந்தால் போதும் என்று
ரெஜினோல்ட் வாசலில் நின்றபடி சொன்னான்.
கையில் ஸ்க்ரூட்ரைவர் இருந்தது.
நான் மறுக்கமாட்டேன் என்று
யார் சொன்னார்களோ.

ஓட்டோவில் ஏறாது. பஸ்ஸைப் பற்றிப் பேச்சே இல்லை.
ஜம்பட்டா வீதி நெடுக
முன்னால் பர்வீஸ், பின்னால் ரெஜினோல்ட்,
நடுவில் கைப்பிடியைப் பிடித்தபடி நான்,
திறந்துவிடாமல் பார்ப்பது போல.
மிதிபலகையில் தொங்கிய கண்டக்டர்
கதவுக்கும் ஒரு டிக்கெட் எடுங்க என்று
சிங்களத்தில் கத்திவிட்டுப் போனான்.
சிரித்த சிரிப்பில் கதவு சாய்ந்து
மரக்கறி வண்டிலை இடித்தது.
வண்டில்காரன் கோபிக்கவில்லை.
"வீடு மாறுறீங்களோ?"
"கதவு மட்டும்" என்றேன்.

பகல் முழுக்கச் செட்டியார் தெருவில்
தங்கத்துக்குப் பில் எழுதுகிறவள் நான்.
மில்லிகிராம் பிசகக்கூடாது.
ஏசிக் குளிரில் விரல் விறைக்கும்.
கடை அடைத்த பின்
கோயில் மண்டபத்தின் பின்னறையில்
ஊக்கு எண்ணுகிறேன்:
அறுபதில் நாற்பத்தொன்று இருக்கு.
மிச்சம் யாருடைய வேட்டியில் குத்தியிருக்கோ,
குத்தியிருக்கட்டும்.

கதவைக் கவனிக்கத்தான் போனேன்.
பிறகு வசனக் கொப்பி கைக்கு வந்தது,
பிறகு பிளேன்டீக் கணக்கு
(சீனி இல்லாமல் ரெண்டு, இஞ்சி போட்டு ஏழு,
மரியசீலி அக்காவுக்குக் கோப்பை ததும்ப),
கிராமசேவகராய் வருபவனின் வாய்பிளந்த சப்பாத்து.
மேடை எனக்கு வேண்டாம் என்று முதலே சொல்லிவிட்டேன்.
இருட்டில் நின்று
அடுத்தவர் மறக்கப்போகும் சொல்லை
முன்கூட்டியே உதட்டில் வைத்திருப்பதில்
ஒரு சுகம் இருக்கிறது,
மழைக்கு முன் கொடியிலிருந்து
உடுப்பு எடுத்துவிடுவது போல.

வீட்டில் குசினிக்கு என் பழைய சேலை.
காற்றுக்கு அது எழும்பும்போதெல்லாம்
மகன் சொல்வான், "அம்மா, திரை விலகுது."
மீன் பொரித்த மணம்
கட்டில் வரை வந்து எங்களோடு படுத்தது.

நாடகத்தன்று பின்னேரமே மழை.
கூரைத்தகரத்தின் இரைச்சலில்
முதற்காட்சி பாதி ஊமை.
மூன்றாவதில், கோபித்துப் போன தம்பி
திரும்பி வந்து தட்டுவான்.
அக்கா ஓடிவந்து திறக்க வேண்டும்.
மரியசீலி அக்கா இழுத்தார்.
கதவு வரவில்லை.
இன்னொரு தரம். வரவில்லை.
மழைக்கு ஊதும் கதவு அது.
சட்டம் அடிக்கும்போதே சொன்னேன்,
கொஞ்சம் இடம் விட்டு அடியுங்கோ என்று.
சபையில் யாரோ இருமினார்கள்.
நனைந்த தம்பியாய் வெளியில் நின்ற பர்வீஸ்
என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான்.

கொப்பியைக் கீழே வைத்தேன்.
இந்தக் கதவுக்கு வசனம் எடுத்துக்கொடுக்க
என்னைத் தவிர ஆளில்லை.
கீழ் மூலையில் பெருவிரலால் ஒரு தள்ளு,
கைப்பிடியை மெல்ல மேலே தூக்கி
இடுப்பால் ஒன்று.
பன்னிரண்டு வருசம்
தேங்காய்ப்பால் கையோடு திறந்த விதம்.

திறந்தது.
அக்காவும் தம்பியும் நிசமாகவே
மூச்சு விட்டுக் கட்டிப்பிடித்தார்கள்.
பின்வரிசையில் ஒரு பெண்
"மாதாவே" என்றாள் சத்தமாய்.
அடுத்த நாள் கண்டவர்கள் எல்லாம்
அந்த இடத்தைத்தான் சொன்னார்கள்,
திறப்பதற்கு முன் அந்தத் தயக்கம்,
என்ன நடிப்பு!
ரெஜினோல்ட் திருத்தவில்லை.
நானும்தான்.

ஞாயிறு, கதவு வீடு திரும்பியது,
ஒரு திருகாணி குறைவாக,
ஒருபக்கம் மேடைக்கு அடித்த நீலத்தோடு.
மறுபக்கம் எங்கள் எண்ணெய்ப் பிசுக்கு அப்படியே.
சுரண்டித் தாறேன் என்றான். வேண்டாம் என்றேன்.

இப்போது மகன் குசினிக்கு வரும்போது
நீலப்பக்கம் நின்று
நனைந்த குரலில் தட்டுகிறான்.
அடுப்பில் பருப்பு பொங்கினாலும்
இரண்டு தரம் வராதது போல் இழுத்துவிட்டுத்தான்
நான் திறக்கிறேன்.