கோடு விட்ட எழுத்து

திங்கட்கிழமை. விடிய இன்னும் இரண்டு மணி நேரம்.
ஜிங்தேஜென் சந்தையில் யாருக்கும் முகமில்லை,
டார்ச் வெளிச்சம் பட்ட கைகள் மட்டும்.
கோணியில் பீங்கான் ஓட்டாஞ்சில்லுகளைப் பரப்பி
கால் மடக்கி உட்கார்ந்திருக்கிறேன்.

வருகிறவர்கள் பூவைப் பார்ப்பதில்லை.
டிராகனுக்கு எத்தனை நகம் என்று எண்ணுவதில்லை.
எடுத்தவுடன் கவிழ்க்கிறார்கள்,
குழந்தை நனைத்துவிட்டதா என்று பார்ப்பதுபோல.

அடியில், நீல இரட்டை வளையத்துக்குள் ஆறெழுத்து.
வலப்பக்கம் தொடங்கி, மேலிருந்து கீழே:
மகா மிங், ஷுவாந்தே ஆண்டில் செய்தது.
செய்தது யாரென்று
அதில் இல்லை.

நாலாவது எழுத்தில் விரல் நிற்கும்.
அறம் என்று பொருள்.
அதில், நெஞ்சுக்கு மேலே வரவேண்டிய ஒரு கிடைக்கோட்டை
அந்தக் காலத்துச் சூளையில் போடவில்லை.
ஏனென்று கேட்காதீர்கள், ஆளுக்கொரு கதை.
கோடு இருந்தால் போலி என்பார்கள்.
போலி செய்கிறவனுக்கும் அது தெரிந்து வெகுநாளாயிற்று.

என் கணவர் ஹு தெயுவான்
ஊர்க்கோடிப் பட்டறை ஒன்றில்
பன்னிரண்டு வருடமாக அந்த ஆறெழுத்தை எழுதுகிறார்.
நாளொன்றுக்கு இருநூறு கிண்ணம். எண்ணிக் கூலி.
அவர் பெயரிலும் இருக்கிறது அதே அறம்.
போன குளிர்காலம், ஆஸ்பத்திரிப் படிவத்தைத்
திருப்பித் தள்ளினாள் கவுண்டர்ப் பெண்:
"ஒங்க பேரையே தப்பா எழுதியிருக்கீங்களே."
பேனாவை வாங்கிக்கொண்டு
ரொம்ப நேரம் பார்த்தபடி நின்றார்,
கோட்டை எங்கே வைப்பதென்று.

இன்று ஷாங்காய்க்காரர் ஒருவர்
அடுத்த கோணியில் வாங்கிய அடித்துண்டை
என் விளக்குக்குக் கீழே நீட்டுகிறார்.
"அறுநூறு வருஷம் இருக்குமில்லையா?"
கால்வளையத்தில் தேநீர்ச் சாயம்,
தேய்த்துவிட்ட செம்மண்.
கடைசி எழுத்தின் வால்
லேசாக மேலே தூக்கியிருக்கிறது.
சுண்டுவிரலில் பழைய தீக்காயம் இருந்து
மடங்காத கைக்குத்தான் அது அப்படி வரும்.

"கோட்டைக் காணோம், பாருங்கள்" என்றேன்.
பொய்யில்லை.
அவருக்கு அது போதுமாயிருந்தது.
சட்டைக்குள் வைத்துக்கொண்டு
கொடுத்த தொகையைக் காதோடு சொன்னார்.
தெயுவான் நாலு மாதம் எழுதவேண்டும்
அதைப் பார்க்க.

வெளுத்ததும் கோணியைச் சுருட்டி
இரண்டு ஆவிரொட்டி வாங்கிக்கொண்டு போவேன்.
சொல்லவேண்டும் அவரிடம்.
முதலில் எதைக் கேட்கிறார் என்று பார்க்கவேண்டும்,
காசையா
வாலையா.