துருவத்துக்கு உப்பு

மன்னார்குடியில் ஓர் உரக்கடைக்கு மாடி.
பதினோரு கணினி, ஒரு ஏசி.
யூரியா வாசனை படியேறி வரும்.
இங்கேதான் நான் கோள்கள் செய்கிறேன்.

இந்த வாரத்துக் கோள் கனடாக்காரர்களுடையது.
தொடரில் நாலு விநாடி வரும்.
காய்ந்த கிரகம், உயிர் இல்லை, துருவத்தில் பனி
என்று எழுதியிருந்தார்கள்.

காய்ந்ததற்கு என்னிடம் படம் இருந்தது.
தலைஞாயிற்றுக்குத் தெற்கே, சம்பா கருகிய வருஷம்,
எங்கள் ஒன்றரை மாவில் குனிந்து குனிந்து
முந்நூறு எடுத்தேன், நிவாரண மனுவோடு வைக்க.
ரெண்டு போதும் என்றார் வி.ஏ.ஓ.
மிச்சம் இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு
ஒரு கிரகத்துக்குக் காணும்.

செவ்வகத்தை உருண்டைமேல் சுற்றினால்
இடுப்பில் ஒழுங்காக உட்காரும்.
மேலே போகப்போக நெருக்கும்.
உச்சியில் கொழுக்கட்டை மூக்காகக் கூடிக்கொள்ளும்.
மேல்வரிசையில் எட்டாயிரத்துச் சொச்சம் புள்ளி,
அத்தனைக்கும் அங்கே ஒரே இடம்:
ஒரு மதகில் ஏழு ஊர் வந்து நிற்கிற மாதிரி.

"பனியைப் போட்டு மூடு" என்றாள்
அடுத்த மேசை தமீமுன்னிஷா, கூத்தாநல்லூர்.
எனக்குத் தெரிந்த பனி
மார்கழியில் பைக் சீட்டை நனைப்பது.
வேதாரண்யம் போய் உப்பளத்தைப் படமெடுத்து
வெள்ளையில் ஒரு சொட்டு நீலம் விட்டேன்.
வடக்குக்கு ஒரு பாத்தி, தெற்குக்கு ஒரு பாத்தி.
திரும்பும் பஸ்ஸில் திருத்துறைப்பூண்டி வரைக்கும்
உதடு கரித்தது.

தையல்தான் சேரவில்லை.
படத்தின் இடது ஓரம் எங்கள் களிமண்,
வலது ஓரம் பக்கிரிசாமி வீட்டு வரப்பு.
அந்த விரிசலுக்கும் இந்த விரிசலுக்கும்
பேச்சுவார்த்தை கிடையாது.
கேமராவுக்கு முதுகுப்பக்கம் திருப்பி வைத்தேன்.
எல்லோரும் செய்வதுதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெயில்:
கோள் ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும்.
காலைக்குள்.

விரிசலை விரிசலோடு இழுத்துப் பார்த்தேன்.
நகலெடுத்து ஒட்டினேன், அழித்தேன்.
நடுவில் ஒருமுறை கரண்ட் போய் வந்தது.
மூன்று மணிக்கு எல்லாவற்றையும் விட்டுவிட்டு
தையல்மேல் ஒரு வாய்க்கால் வெட்டினேன்.
வட உப்பிலிருந்து தென் உப்புக்கு, நேராக.
பாதி அகலம் இடது ஓரத்தில், பாதி வலது ஓரத்தில்.
விரித்த படத்தில் அது வாய்க்காலே இல்லை,
ஈரமான ரெண்டு விளிம்பு.
சுற்றியதும் ஓடிற்று.

ஷட்டர் வைக்கவில்லை. முறை வைக்கவில்லை.

தமீமுன் டீயோடு வந்து
உருண்டையைச் சுட்டியால் ஒருமுறை சுழற்றினாள்.
"கடைமடை வரைக்கும் போவுதே" என்றாள்.
போய் உட்கார்ந்துகொண்டாள்.

திங்கட்கிழமை பதில் வந்தது.
கோடு அழகாக இருக்கிறது,
ஆனால் உயிரில்லாத கிரகம் என்றோமே,
இதை யார் வெட்டினார்கள்?

மூன்று பதில் அடித்து மூன்றையும் அழித்தேன்.
பிறகு கோப்பைத் திறந்து
தண்ணீரை இன்னும் ரெண்டு விரற்கடை ஏற்றி
அனுப்பிவிட்டேன்.