திரைக்குப் பக்கத்தில் நின்றவன்

தாப்பா ரோட்டில், ரயில் நிலையத்துக்குப் பின்னால்,
இரண்டு ரப்பர் மரங்களுக்கு நடுவே
தோட்டத்து ஆஸ்பத்திரித் துணியை இழுத்துக் கட்டினோம்.
மூலையில் நீல மையில் முத்திரை.
அத்தனை அகலத்தில் வேறு துணி இல்லை.

ஆ சூன் கைப்பிடியைச் சுற்றுவான், நான் பேசுவேன்.
கூலி முப்பது காசு, ஒரு கிண்ணம் மீ.
நடுநடுவே வரும் எழுத்து என்ன மொழியோ,
எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.
ஆகவே நான் சொன்னதுதான் கதை:
தாடிக்காரன் மலையாளத்து மந்திரவாதி.
தலையைக் கழற்றி மேசையில் வைக்கிறானே,
எண்ணெய் தேய்க்க.

மேகத்தில் துடுப்புப் போட்டு ஒரு கப்பல் வந்தது.
"அது நாகப்பட்டினத்துல நிக்குமா?"
இருட்டில் ஒருத்தி.
"நிக்கும். டிக்கெட்டும் கிடையாது."
சிரித்த சிரிப்பில் கார்பைடு விளக்கே நடுங்கியது.

யாரோ எங்கோ உட்கார்ந்து
கட்டம் கட்டமாய்ச் சாயம் தீட்டியிருந்தார்கள்.
இளவரசியின் பாவாடைக்குள் சிவப்பு அடங்கவில்லை,
அவளுக்கு ஒரு சாண் முன்னால் நடந்தது.

மந்திரவாதி அவள்மேல் வெள்ளைத் துணி போர்த்தினான்.
உருவினான். வெறும் நாற்காலி.
குப்பென்று புகை.
அதே நாற்காலியில் அவள், தலையைக் கோதியபடி.

வேம்புலி எழுந்து நின்றான்.
ஆற்றோர நிரையில் பால் வெட்டுகிறவன்,
கூட்டத்தில் பேசியே பார்த்ததில்லை.
"அந்த எடத்த மறுபடி போடச் சொல்லு."

ஆ சூன் பின்பக்கமாகச் சுற்றினான்.
புகை சுருங்கியது, துணி பறந்து வந்து மூடியது.
பிறகு முன்பக்கம்.
இரண்டாம் தடவை புகையை வர்ணித்தேன்.
மூன்றாம் தடவை ஒரு மந்திரம் கட்டிவிட்டேன், கைதட்டினார்கள்.
நான்காம் தடவை என் கண் முத்திரையில் விழுந்தது.

போன மாதம் காய்ச்சல் வார்டிலிருந்து
கொளஞ்சியைச் சுற்றித் தூக்கி வந்தோம்,
இதுபோல ஒரு துணியில்.
இதுவாகவும் இருக்கலாம்.
எல்லாவற்றிலும் ஒரே முத்திரைதான்.

எனக்கு வாய் வரவில்லை.
ஆ சூன் கேட்கவும் இல்லை, நிறுத்தவும் இல்லை.
போனாள். வந்தாள். போனாள்.
வேம்புலி நின்றுகொண்டே இருந்தான்.
நான் இருக்குமிடத்தில் ஊமைப்படம் ஏது?
அன்றைக்குத்தான் ஒன்று ஓடியது.

பத்தரை மணிச் சரக்கு ரயில் காற்றை அடித்துப் போனது.
பிள்ளைகள் கப்பலைக் கேட்டு அழுதன.

விடியுமுன், பெரட்டுக்குப் போகிற வழியில்,
துணியை மடித்து டிரஸரிடம் கொடுத்தேன்.
விரித்து, ஈசல் இறகுகளை உதறி,
"கறையிருக்கே" என்றார்.
"சிவப்பா?"
அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார்,
விளக்கருகே பிடித்துக் காட்டினார்.
ரப்பர் பால்.